கேம் செய்யக் கற்றுத்தரும் கேம்: ‘கேம் பில்டர் கராஜ்’ பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிண்டெண்டோ ஸ்விட்ச் என்ற கேம் இயந்திரத்துக்கு வந்த ‘கேம் பில்டர் கராஜ்’ கொஞ்சம் விசித்திரமான பண்டம். விளையாடுவதற்காக வாங்கினால் ஏமாற்றமாக இருக்கும். பாடம் படிக்க வாங்கினால், ‘என்ன இது, ஒரே சிரிப்பும் கூத்துமாக இருக்கிறதே’ என்று தோன்றும். பிள்ளைக்குக் கோடிங் சொல்லித்தர நினைக்கும் பெற்றோரும், தாங்களே ஒரு கேம் செய்துபார்க்க ஆசைப்படும் கல்லூரிக்காரர்களும் இதைப் பற்றிக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். வரிசையாகப் படிக்க வேண்டும் என்பதில்லை.

இது விளையாட்டா, பாடமா?

இரண்டும். 2021 ஜூன் 11 அன்று வெளியானது. அமெரிக்க விலை 29.99 டாலர், அதாவது நிண்டெண்டோவின் பெரிய கேம்கள் அப்போது விற்ற விலையில் பாதி. உள்ளே போனால் காப்பாற்ற இளவரசியும் இல்லை, முடிக்கக் கதையும் இல்லை. கையில் கிடைப்பது ஒரு வெற்றுத் திரை. அதில் ஓர் ஆளை நிற்கவைத்து, நடக்கவைத்து, குதிக்கவைத்து, கடைசியில் அதை ஒரு கேமாக ஆக்குவதுதான் மொத்த விளையாட்டும்.

இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்றில் பாப் என்ற வழிகாட்டி கூடவே வந்து ஏழு கேம்களை உங்கள் கையாலேயே செய்யவைப்பார். இன்னொன்று சுதந்திரமாகச் செய்யும் இடம். அங்கே யாரும் வர மாட்டார்கள், நீங்கள்தான்.

எழுத்தே தட்டாமல் எப்படிப் புரோகிராம் செய்வது?

நோடான் என்ற குட்டிக் கதாபாத்திரங்களை வைத்து. ஒவ்வொரு நோடானுக்கும் ஒரு முகம், ஒரு குரல், ஒரே ஒரு வேலை. பட்டன் நோடான் இருக்கிறது, ஸ்டிக் நோடான் இருக்கிறது, ஆள் நோடான், டைமர், கவுன்ட்டர், கால்குலேட்டர், ஒலி என்று பல டஜன் இருக்கின்றன. இவற்றைத் திரையில் வைத்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கோடு இழுத்தால் அதுதான் புரோகிராம்.

உதாரணத்துக்கு, திரையில் ஆள் நிற்கிறான். ஸ்டிக்கை எப்படித் தள்ளினாலும் அசைய மாட்டான், ஏனென்றால் ஸ்டிக்குக்கும் அவனுக்கும் இன்னும் சம்பந்தமே இல்லை. ஸ்டிக் நோடானைக் கொண்டுவந்து, அதன் வெளியீட்டிலிருந்து ஆளின் இடம்-வலம் உள்ளீட்டுக்கு ஒரு கோடு இழுக்கிறீர்கள். இப்போது நடக்கிறான். அந்தக் கோட்டில் ஓடுவது ஓர் எண், அவ்வளவுதான். ஸ்டிக்கை முழுக்க வலப்பக்கம் தள்ளினால் 1, இடப்பக்கம் தள்ளினால் கழித்தல் 1, விட்டுவிட்டால் 0, பாதி தள்ளினால் நடுவில் ஒரு பின்னம். பட்டனுக்கு இன்னும் எளிது: அழுத்தினால் 1, இல்லாவிட்டால் 0.

இது புரிந்ததும் ஒரு குறும்பு செய்து பார்க்கச் சொல்வேன். ஸ்டிக்குக்கும் ஆளுக்கும் நடுவில் ஒரு கால்குலேட்டர் நோடானை நுழைத்து, வருகிற எண்ணைக் கழித்தல் 1-ஆல் பெருக்குங்கள். வலப்பக்கம் தள்ளினால் ஆள் இடப்பக்கம் ஓடுவான். விஷக்காளான் தின்றவனுக்குக் கட்டுப்பாடு தலைகீழாகும் எத்தனையோ கேம்களை ஆடியிருப்போம். அந்த வித்தைக்குப் பின்னால் இருப்பது இந்த ஒரு பெருக்கல்தான். ஏழாம் வகுப்பில் குறை எண்ணின் பெருக்கலை ‘எதுக்குடா இது’ என்று சலித்துக்கொண்டே படித்த பிள்ளைகள் இங்கே அதைக் கண்ணால் பார்க்கிறார்கள்.

பிளஸ் பட்டனை அழுத்தினால் புரோகிராம் திரையிலிருந்து கேமுக்குப் போகலாம், மறுபடி அழுத்தினால் திரும்பலாம். ஒரு மாற்றம், ஒரு பரிசோதனை, மறுபடி ஒரு மாற்றம். காத்திருக்க வேண்டியதே இல்லை. என் கணக்கில் இந்த மென்பொருளின் மிகப் பெரிய பலம் அந்த ஒரு பட்டன்தான்.

அந்த ஏழு கேம்கள் என்னென்ன?

முதலில் இருவர் துரத்திப் பிடிக்கும் ஓட்டம். அடுத்தது ஜாய்-கானை (ஸ்விட்சின் கைப்பிடிக் கருவி) சாய்த்துப் பந்தை உருட்டும் ஆட்டம். மூன்றாவது வேற்றுக்கிரகவாசிகளைச் சுடுவது, நான்காவது பக்கவாட்டில் ஓடித் தாண்டுவது, ஐந்தாவது பூட்டிய அறைக்குள் புதிரை அவிழ்ப்பது. ஆறாவது முப்பரிமாணக் கார் பந்தயம். ஏழாவது முப்பரிமாணத்தில் ஓடிக் குதிக்கும் முழு நீளச் சாகசம். மரியோவை நினைவுபடுத்தும், ஆனால் மரியோ வர மாட்டார்.

இதில் ஐந்தாவதைக் கொஞ்சம் கவனித்துச் செய்யுங்கள். மற்ற கேம்கள் எல்லாம் வேகத்தை வைத்து ஓடுபவை. புதிர் அறையில் மட்டும் ‘இது நடந்திருந்தால்தான் அது நடக்க வேண்டும்’ என்ற நிபந்தனைகள் முன்னுக்கு வருகின்றன. கோடிங் என்று நாம் சொல்வதற்கு மிக அருகில் இருக்கும் பாடம் அது.

உண்மையிலேயே கோடிங் வருமா? விளம்பரத்தை விட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

பைதானோ ஜாவாவோ வராது. ஒரு வரி கூட எழுத மாட்டீர்கள். இந்தக் கேமை முடித்துவிட்டு நேராக வேலைக்கு விண்ணப்பிக்கலாம் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

வருவது வேறு ஒன்று. திரையில் ஏதோ தப்பாக நடக்கிறது, அந்தத் தப்பான எண் எங்கிருந்து வந்தது என்று கோட்டைப் பிடித்துக்கொண்டே பின்னால் போகும் பழக்கம். தொழில்முறையில் புரோகிராம் எழுதுபவர்கள் நாளின் பெரும்பகுதியைக் கழிப்பது அந்த வேலையில்தான். புதிதாகக் கற்பவர்கள் ஒரு மொழியின் இலக்கணத்தில் அரைப்புள்ளி விட்டுப்போனதற்கெல்லாம் தடுக்கி விழுந்துகொண்டிருப்பதால், அந்தப் பழக்கத்துக்கு வந்துசேரவே மாதங்கள் ஆகும். இங்கே அரைப்புள்ளியே கிடையாது. முதல் நாளே நேராக ‘ஏன் ஓடவில்லை’ என்ற கேள்விக்குப் போய்விடலாம்.

இல்லாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். பட்டியல்களில் தரவை அடுக்கிவைக்கும் வசதி இல்லை. நீங்களே ஒரு கட்டளையை உருவாக்கிப் பெயர் வைத்து, வேண்டிய இடத்திலெல்லாம் கூப்பிடும் வசதியும் இல்லை. ஒரே வேலையைப் பத்து எதிரிகளுக்குச் செய்ய வேண்டுமென்றால் பெரும்பாலும் அதே கோடுகளைப் பத்து முறை இழுக்க வேண்டிவரும். அலுப்பாக இருக்கும். ஆனால் ‘இதை ஒரே இடத்தில் எழுதிவைத்தால் என்ன’ என்ற எரிச்சல் உங்களுக்கு வந்துவிட்டால், ஃபங்ஷன் என்பது எதற்காக என்று பின்னால் யாரும் விளக்க வேண்டியிருக்காது.

வழிகாட்டி ரொம்பவே கையைப் பிடித்து நடத்துகிறது என்கிறார்களே?

உண்மைதான். இந்தக் கேமின் பெரிய குறையும் அதுதான். ‘இந்த நோடானை எடு, இங்கே வை, இந்தக் கோட்டை இழு’ என்று பாப் ஒவ்வொன்றாகச் சொல்வார். அவர் சொன்னதைத் தவிர வேறு பட்டனை அழுத்தினால் எடுபடாது. முதல் பாடத்தில் அது ஆறுதல். ஆறாவது பாடம் வரும்போது, நான்கு கோடு நோட்டில் புள்ளி வைத்த எழுத்தின் மேல் பென்சில் ஓட்டுவதுபோல் ஆகிவிடுகிறது. எழுத்து அழகாகத்தான் வருகிறது, நோட்டை எடுத்துவிட்டால் கை நிற்கிறது.

தயாரித்தவர்களுக்கும் இது தெரிந்தேயிருக்கிறது. அதனால்தான் பாடங்களுக்கு நடுவே ஆலிஸ் என்ற இன்னொரு பாத்திரம் வந்து சோதனை வைக்கிறது. கிட்டத்தட்ட முடிந்த ஒரு குட்டிக் கேமைக் கொடுத்து, ‘இதில் ஒன்று ஓடவில்லை, சரிசெய்’ என்று விட்டுவிடும். அந்தச் சோதனைகள் அருமை. என்னைக் கேட்டால் பாடத்தைக் குறைத்து இவற்றை மூன்று மடங்காக்கியிருக்க வேண்டும்.

இந்தக் குறையைத் தாண்ட ஒரு வழி இருக்கிறது. ஒரு பாடம் முடிந்ததும் அடுத்ததுக்கு ஓடாதீர்கள். இப்போது செய்த கேமைச் சுதந்திரப் பகுதியில் திறந்து, வேண்டுமென்றே கெடுங்கள். ஈர்ப்பைக் குறைத்தால் என்ன ஆகும்? சுடும் கேமில் எதிரிக்குப் பதிலாக உங்கள் கப்பலே வெடித்தால்? பந்தின் அளவைப் பத்து மடங்கு ஆக்கினால்? ஒரு கோட்டை அறுத்துவிட்டு, எது நின்றது என்று பாருங்கள். அறுத்த கோட்டைப் பற்றி உங்களுக்குத் தெரிந்துகொள்ள வேண்டியது எல்லாம் அப்போது தெரியும். ஏழு பாடத்தையும் ஒரே வார இறுதியில் முடித்தவர்களைவிட, மூன்று பாடத்தை முடித்து மூன்றையும் சின்னாபின்னமாக்கியவர்கள் நன்றாகக் கற்கிறார்கள்.

எல்லோரும் எங்கே சிக்கிக்கொள்கிறார்கள்?

ஒரு கணமா, தொடர்ச்சியா என்ற இடத்தில். இந்தக் கேமில் மட்டும் என்றில்லை, எந்தக் கருவியில் கேம் செய்தாலும் முதல் மாதத்தில் இந்தப் பள்ளம் காத்திருக்கும். கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

வீரனுக்கு மூன்று உயிர். எதிரியைத் தொட்டால் ஓர் உயிர் போக வேண்டும். தொடுதலை உணரும் நோடானிலிருந்து கவுன்ட்டருக்குக் கோடு இழுத்து, ‘ஒன்று குறை’ என்கிறீர்கள். ஓடவிட்டால் எதிரியை உரசின மாத்திரத்தில் மூன்று உயிரும் போய் ஆட்டம் முடிந்துவிடுகிறது. பார்ப்பதற்குக் கவுன்ட்டர் கெட்டுப்போனதுபோல் இருக்கும்.

கெடவில்லை. உணரும் நோடான், தொட்டுக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் 1 என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. கேமோ ஒரு நொடிக்குப் பல முறை எல்லாக் கோடுகளையும் புதிதாகக் கணக்கிடுகிறது. எண்ணுபவர் ஒவ்வொரு முறையும் எண்ணினால், மனிதக் கண்ணுக்கு ‘ஒரு தொடுதல்’ என்று தெரிவது கணினிக்கு இருபது தொடுதல். இதே பிழையை, கட்டங்களை அடுக்கிப் புரோகிராம் செய்யும் இலவசக் கருவியான ஸ்க்ராட்சிலும் பார்க்கலாம்: ‘எப்போதும்’ என்ற கட்டத்துக்குள் ‘எதிரியைத் தொட்டால் உயிரை 1 குறை’ என்று போடுங்கள். ஸ்க்ராட்ச் நொடிக்கு 30 முறை சுற்றுவதால், மூன்று உயிரும் பத்தில் ஒரு நொடியில் காலி.

தீர்வு, மாறுகிற கணத்தை மட்டும் பிடிப்பது. 0-விலிருந்து வேறு எண்ணுக்குத் தாவும் அந்த ஒரு கணத்தில் மட்டும் 1 தரும் நோடான் கராஜில் தனியாகவே இருக்கிறது. அதை நடுவில் நுழைத்தால் ஒரு தொடுதலுக்கு ஓர் உயிர். ஸ்க்ராட்சில் அப்படித் தயாராக ஒன்று இல்லை. உயிரைக் குறைத்ததும் ‘தொடுவது நிற்கும்வரை காத்திரு’ என்று ஒரு கட்டம் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால், அடிபட்ட வீரன் ஒரு நொடி மினுக்கிக்கொண்டு நிற்க, அந்த நேரத்தில் எதுவும் அவனைத் தொடாது என்று வைத்துவிடலாம். பழைய கேம்களில் அடிபட்டதும் வீரன் மினுக்குவது வெறும் அலங்காரம் என்று நினைத்திருந்தால், இனி அப்படித் தோன்றாது.

இந்த ஒரு விஷயம் மண்டையில் ஏறிவிட்டால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. பட்டனை அழுத்திப்பிடித்தால் குண்டு மழையாகக் கொட்டுவது, ஒரு பழத்துக்கு நூறு மார்க் விழுவது, கதவு திறந்து மூடித் திறந்து மூடித் துடிப்பது, எல்லாவற்றுக்கும் வேர் இதுவே.

என் மகளுக்கு ஏழு வயது. வாங்கலாமா?

இங்கிலீஷ் படிக்க வந்தால் வாங்கலாம், பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்தால். பாப் நிறையப் பேசுவார், எல்லாமே எழுத்தில் வரும். பத்து வயதுக்கு மேல் என்றால் தனியாகவே விட்டுவிடலாம். முதல் பாடத்தை ஒரே உட்காரலில் முடிக்கலாம். பின்னால் வருபவை நீளமானவை, அவற்றை நடுவில் நிறுத்தி மறுநாள் தொடருங்கள்.

தமிழில் இருக்கிறதா?

இல்லை. இது சின்ன விஷயம் இல்லை. நோடான்களின் வேடிக்கைப் பேச்சில்தான் பாதிப் பாடமே இருக்கிறது. அது புரியாத பிள்ளைக்குக் காட்டிய இடத்தில் அழுத்துவது மட்டுமே மிஞ்சும்.

மொழியே வேண்டாம் என்றால் ஸ்க்ராட்ச் ஜூனியர் பாருங்கள். 2014-ல் வந்தது, 5 முதல் 7 வயதுப் பிள்ளைகளுக்காகச் செய்தது, டேப்லெட்டில் ஓடும், இலவசம். கட்டங்களில் எழுத்துக்குப் பதிலாகப் படங்கள்தான். அம்புக்குறி போட்ட கட்டத்தை வைத்தால் பூனை நடக்கும். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத பிள்ளைகூடக் கதை செய்துவிடும். இன்னொரு பக்கம், தமிழிலேயே கட்டளை எழுத ‘எழில்’ என்ற நிரல்மொழி இருக்கிறது. கேம் செய்ய உகந்தது என்று சொல்ல மாட்டேன், ஆனால் ‘ஆனால்’, ‘இல்லை’ என்று தமிழில் தட்டி, ஒரு சின்ன நிரல் ஓடுவதைப் பார்ப்பது தனிச் சந்தோஷம்தான்.

ஸ்விட்ச் வாங்கக் காசில்லை. இலவசமாக என்ன செய்யலாம்?

நிறையச் செய்யலாம். இந்தக் கேமுக்காகவே ஸ்விட்ச் வாங்காதீர்கள் என்றுதான் நானும் சொல்வேன். ஏற்கெனவே வீட்டில் இருந்தால் இது நல்ல செலவு, அவ்வளவே.

முதல் தேர்வு ஸ்க்ராட்ச். அமெரிக்காவின் எம்.ஐ.டி. மீடியா லேபில் மிட்செல் ரெஸ்னிக் குழு செய்தது, 2007-ல் பொதுமக்களுக்கு வந்தது. 2019 ஜனவரியில் வந்த 3.0 பதிப்பிலிருந்து டேப்லெட்டிலும் ஓடுகிறது. பிரவுசர் இருந்தால் போதும், இணையம் இல்லாத பள்ளியில் நிறுவிக்கொள்ளவும் தனிப் பதிப்பு உண்டு. தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலிலேயே ஸ்க்ராட்ச் பற்றி ஒரு பகுதி இருக்கிறது. பாவம், பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது ‘கீழ்க்காண்பவற்றுள் அனிமேஷன் உருவாக்கப் பயன்படும் மென்பொருள் எது’ என்ற ஒரு மார்க் கேள்வியாகவே வந்து போய்விடுகிறது. கம்ப்யூட்டர் லேபில் அரை மணி நேரம் கிடைத்தால், அந்த ஒரு மார்க்கை மறந்துவிட்டுப் பூனையை ஓடவிடுங்கள்.

புதிர் பிடிக்கும் என்றால் பஸில்ஸ்கிரிப்ட். ஸ்டீஃபன் லாவெல் 2013-ல் வெளியிட்டது, பிரவுசரிலேயே ஓடும். இதில் விதி மட்டும்தான் எழுதுவீர்கள். ‘நகரும் ஆளுக்குப் பக்கத்தில் பெட்டி இருந்தால், பெட்டியும் அதே பக்கம் நகரட்டும்’ என்ற ஒரே ஒரு வரியில் பெட்டி தள்ளும் கேமின் இதயம் முடிந்துவிடுகிறது. மீதி, படம் வரைவதும் கட்டங்களில் சுவர் வைப்பதும். ஒரு வரி எவ்வளவு பெரிய வேலை செய்யும் என்று பார்க்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

நிஜமாகவே புரோகிராம் தட்ட வேண்டும், ஆனால் பயமாகவும் இருக்கிறது என்பவர்களுக்குப் பிக்கோ-8. கணினிக்குள்ளேயே ஓடும் ஒரு கற்பனைக் கேம் இயந்திரம்: 128-க்கு 128 புள்ளித் திரை, 16 நிறங்கள், லுவா என்ற நிரல்மொழி. இது காசு கொடுத்து வாங்குவது, ஆனால் பிரவுசரில் ஓடும் கல்விப் பதிப்பு இலவசம். திரை இவ்வளவு சின்னதாக இருப்பதால் ‘படம் வரையத் தெரியாது’ என்ற சாக்கு எடுபடாது.

இந்த யோசனை புதிதா?

இல்லவே இல்லை. நிண்டெண்டோவே 1984-ல் ஜப்பானில் தன் ஃபேமிகாம் இயந்திரத்துக்கு விசைப்பலகையோடு ஃபேமிலி பேசிக் என்று ஒன்றை விற்றது. டிவி முன்னால் உட்கார்ந்து பேசிக் மொழியில் வரி வரியாகத் தட்ட வேண்டும். அதற்கும் முன்னால், 1967-ல், சீமோர் பேப்பர்ட்டும் வாலி ஃபோயர்சைகும் சிந்தியா சாலமனும் பிள்ளைகளுக்காக லோகோ மொழியைச் செய்தார்கள். ஆமையை நகர்த்திக் கோலம் வரையவைக்கும் அந்த லோகோதான் ஸ்க்ராட்சின் பாட்டி.

கேம் வாங்கினால் கூடவே அதைச் செய்த கருவியும் வரும் என்பதற்கு நல்ல உதாரணம் 1991-ல் வந்த ஸெட்-ஸெட்-டி. டிம் ஸ்வீனி கல்லூரிப் பருவத்தில் எழுதியது, எழுத்துகளாலேயே வரைந்த சாகசக் கேம். உள்ளேயே எடிட்டரும், பொருள்களுக்குக் கட்டளை எழுத ஒரு குட்டி மொழியும் இருந்தன. ஜனங்கள் கேமை ஆடியதைவிட எடிட்டரில் கிடந்ததுதான் அதிகம். அதை விற்க ஸ்வீனி நடத்திய கடைதான் பின்னால் எபிக் கேம்ஸ் ஆனது. அன்ரியலும் ஃபோர்ட்நைட்டும் அங்கேயிருந்து வந்தவை.

கராஜின் நேரடி முன்னோடி 2018 ஏப்ரலில் வந்த நிண்டெண்டோ லேபோ. அட்டையை மடித்துப் பியானோவும் மீன்பிடித் தூண்டிலும் செய்து ஜாய்-கானைச் செருகும் விளையாட்டு. அதன் உள்ளே ஒரு மூலையில், உள்ளீட்டையும் வெளியீட்டையும் கோடு இழுத்து இணைக்கும் ஒரு பட்டறை இருந்தது. அட்டைகள் கிழிந்து மூலைக்குப் போன பிறகும் அந்தப் பட்டறை யோசனை நிலைத்துவிட்டது. அதற்கு முகமும் குரலும் கொடுத்துத் தனியாக வெளியே விட்டதுதான் இந்தக் கேம்.

எவ்வளவு பெரிய கேம் செய்யலாம்? என்ன எல்லை?

ஒரு கேமுக்கு 512 நோடான். ஆரம்பத்தில் கடல்போல் தெரியும். முப்பரிமாணத்தில் ஓர் ஊர் கட்டப் புறப்பட்டால் ஒவ்வொரு சுவரும் பெட்டியும் ஒரு நோடான் என்பதால் சீக்கிரம் கரைந்துவிடும். ஒரு கேமிலிருந்து இன்னொரு கேமுக்குத் தாவும் நோடான் ஒன்று இருக்கிறது. அதை வைத்துக் கட்டம் கட்டமாகப் பிரித்துச் செய்தவர்கள் உண்டு.

எல்லை இருப்பது நல்லதுக்குத்தான் என்பது என் கட்சி. முதல் கேமிலேயே ‘திறந்த உலகம், நூறு ஆயுதம், ஆன்லைனில் பத்துப் பேர்’ என்று கிளம்பி, மூன்றாம் நாள் கைவிடுபவர்களே அதிகம். ஒரே திரை, ஒரே விதி, ஒரு நிமிட ஆட்டம் என்று முடித்துக்காட்டுங்கள்.

படம், இசை எல்லாம் நானே செய்யலாமா?

படம் வரையலாம், புள்ளி புள்ளியாக. வரைந்ததைப் பெட்டியின் மேல் ஒட்டிக்கொள்ளலாம். இசைக்கும் ஒலிக்கும் உள்ளே இருப்பதை வைத்து ஓட்ட வேண்டியதுதான். வெளியிலிருந்து போட்டோவோ பாட்டோ கொண்டுவர முடியாது.

செய்ததை நண்பர்களுக்குக் கொடுக்கலாமா? விற்கலாமா?

கொடுக்கலாம். இணையத்தில் ஏற்றினால் ஒரு குறியீடு கிடைக்கும், அதை நண்பருக்கு அனுப்பினால் அவர் இறக்கிக்கொள்வார். பக்கத்தில் இருக்கும் ஸ்விட்சுக்கு நேரடியாகவும் அனுப்பலாம். அவரிடமும் இதே மென்பொருள் இருக்க வேண்டும். இறக்கிய கேமின் உள்ளே போய், கோடுகள் எப்படி ஓடுகின்றன என்று பார்க்க முடிவது பெரிய வசதி. பாப் சொல்லித்தராத வித்தைகளை அப்படித்தான் பொறுக்க வேண்டும்.

குறை என்னவென்றால், மற்றவர்கள் செய்ததைத் தேடிப்பார்க்க உள்ளே ஒரு கடைத்தெருவே இல்லை. குறியீடு தெரிந்தால்தான் உண்டு. விற்பது நடக்காது. கணினிக்கோ போனுக்கோ மாற்றவும் முடியாது.

இந்த மாதிரி மூடிய கருவிகள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். பிளேஸ்டேஷனில் 2020 பிப்ரவரியில் வந்த ட்ரீம்ஸ் இதைவிடப் பல மடங்கு பெரிய கருவி. அதில் மனிதர்கள் செய்த படைப்புகளைப் பார்த்தால் வாயடைத்துப்போகும். 2023 செப்டம்பர் 1 முதல் அதற்குப் புதிய வசதிகள் வருவது நின்றது. ஆகவே பழகுவதற்கு இங்கே, வாழ்வதற்கு வேறிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முடித்த பிறகு அடுத்து எங்கே போவது?

கேம்தான் ஆசை என்றால் கோடோ (Godot) என்ற கேம் செய்யும் மென்பொருள். இலவசம், மூலநிரல் திறந்தது, சாதாரண லேப்டாப்பில் ஓடும், பைதான் சாயலில் ஒரு மொழி. கராஜில் செய்த அதே கேமை அங்கே மறுபடி செய்யுங்கள். புதிய கேம் வேண்டாம். என்ன செய்ய வேண்டும் என்பது ஏற்கெனவே தெரிந்திருக்கும்போது, எப்படி எழுதுவது என்பதில் மட்டும் கவனம் போகும். கவுன்ட்டர் நோடான் அங்கே ஒரு ‘மாறி’ (வேரியபிள்) ஆகிவிடும். ஒப்பிடும் நோடான் ‘இஃப்’ ஆகிவிடும். எல்லாக் கோடுகளும் திரும்பத் திரும்பக் கணக்கிடப்பட்டது அங்கே ஒவ்வொரு ஃபிரேமுக்கும் (திரையில் அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு படத்துக்கும்) ஓடும் ஒரு ஃபங்ஷனாக உங்கள் கண்ணெதிரே இருக்கும். அப்புறம் அந்தப் பத்து எதிரிகள். பத்து முறை கோடு இழுத்த கைக்கு, ஒரு முறை எழுதிப் பத்து முறை கூப்பிடுவது எவ்வளவு சுகம் என்று அங்கே தெரியும்.

கேமில் ஆர்வமில்லை, வேலைக்காகத்தான் கோடிங் என்றால் நேராகப் பைதானுக்குப் போங்கள். நடுவில் இதெல்லாம் தேவையில்லை.

ஏஐ-யிடம் சொன்னால் கேமையே எழுதித் தருகிறது. இன்னும் எதற்கு இந்தக் கோடு இழுக்கும் வேலை?

எழுதித் தரும், மறுக்கவில்லை. மூன்று உயிரும் ஒரே தொடுதலில் போகும் கேமையும் அதே தைரியத்தோடு எழுதித் தரும். அப்போது ‘உயிர் சீக்கிரம் போகிறது, சரிசெய்’ என்று கேட்பவருக்கும், ‘தொடுதலை ஒவ்வொரு ஃபிரேமிலும் எண்ணுகிறாய், ஆரம்பிக்கும் கணத்தில் மட்டும் எண்ணு’ என்று கேட்பவருக்கும் கிடைக்கும் பதில் ஒன்றாக இருக்காது.

மவுஸ் வைத்துச் செய்யலாமா?

செய்யலாம். ஸ்விட்சை டாக் என்ற தாங்கியில் வைத்து டிவியில் இணைத்திருந்தால், டாக்கின் யுஎஸ்பி துளையில் சாதாரண மவுஸைச் செருகினால் போதும். ஸ்டிக்கால் கோடு இழுப்பதைவிட இது பல மடங்கு வேகம். கையில் பிடித்து ஆடும்போது தொடுதிரையிலேயே இழுக்கலாம், ஆனால் நோடான்கள் நெருக்கமாக இருக்கும் இடத்தில் விரல் தடிமன் இடைஞ்சல் செய்யும். பெரிதாக்கி வைத்துக்கொண்டு இழுங்கள்.